மூன்றாவது கேள்வி

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை விட்டு வடமேற்கே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, குருபரப்பள்ளி, சூளகிரி, பேரண்டப்பள்ளி என்று ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் ஓசூரை அடைகிறது. வழியில் முதலில் மாந்தோப்புகளும் மாங்கூழ் ஆலைகளும் வரும். பிறகு கேழ்வரகும் அவரையும் விளையும் கொல்லைகள். அதன் பின் சிப்காட் தொழிற்பேட்டைப் பலகைகள், லாரி நிறுத்தங்கள், வாடகை வரிசை வீடுகள். விடியற்காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் இந்தச் சாலைக்குக் கடிகாரமாக இருப்பவை கம்பெனி பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு அவற்றில் ஏறும் பெண்களில் பலர் கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வருகிறவர்கள்: பாட்டியிடம், பக்கத்து வீட்டில், ஊர் பால்வாடியில், அல்லது மாதக் கட்டணம் வாங்கும் காப்பகத்தில். வேலை முடிந்து குழந்தையைத் தூக்க வரும்போது அந்தத் தாய் கேட்கும் கேள்விகள் இரண்டு. “சாப்பிட்டானா? தூங்கினானா?” இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அன்றைய நாள் நிம்மதி. இந்த வழித்தடத்தைப் பார்க்கும் யாருக்கும் மனத்தில் எழ வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: “இன்று என்ன செய்தான்?” மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கேள்வி, சோறு தூக்கம் இரண்டுக்கும் சமமான எடை உடையது, பராமரிப்பு என்று நாம் அழைப்பதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்.

ஓசூர் விரல்நுனியால் வளர்ந்த ஊர். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. டிவிஎஸ் இருசக்கர வாகனங்களும் அசோக் லேலண்ட் லாரிகளும் இங்கே பூட்டப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸின் செல்பேசி உதிரிபாகத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. போச்சம்பள்ளியில் அமைந்த தன் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021இல் அறிவித்தது. கடிகாரச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்து வைக்கும் கை, கண்ணுக்குத் தெரியாத உராய்வைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல் ஆகியவற்றின் விலை இந்த மாவட்டத்துக்குத் தெரியும். ஆனால் அந்தக் கை எப்போது கையாகிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் குழந்தை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பொரியை எடுக்கக் கற்கிறது. ஒன்றரை வயதில் கிறுக்குகிறது, இரண்டு வயதில் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை யோசிப்பதே தொடுவதாலும் அசைப்பதாலும் வாயில் வைப்பதாலும்தான் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே விளக்கினார். அந்த வயதில் கையைக் கட்டிப்போட்டால் அறிவையும் சேர்த்தே கட்டிப்போடுகிறோம். நாளைய தொழிலாளியைத் தயார் செய்யச் சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குழந்தை வளர்ந்து எந்த வேலைக்குப் போனாலும், எதற்கும் போகாவிட்டாலும், தன் கையால் உலகத்தை அறிவது இன்றைக்கே அதற்கு உள்ள உரிமை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண் தொழிலாளர்கள் முப்பதுக்கு மேல் உள்ள இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. தொடக்கத்தில் ஐம்பதாக இருந்த அந்த எண் 1976இல்தான் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஆண் பெண் சேர்த்து ஐம்பது ஊழியர்கள் உள்ள எந்த நிறுவனத்துக்கும் இதைக் கடமையாக்கி, தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஐம்பதை வைத்துக்கொண்டது. இவை போராடிப் பெற்ற உரிமைகள். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு கேட்டது போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் ஆகியவற்றை. அந்த அறைக்குள் எட்டு மணி நேரம் குழந்தை என்ன செய்யும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அரசின் பக்கமும் இதே கதைதான். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கை சிறு குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டின் பால்வாடிகளில் சுடுசோறு உறுதியானது. சோறு போட்டதில் நாம் நாட்டுக்கே முன்மாதிரியானோம். அந்த வெற்றியின் நிழலிலேயே, ‘சாப்பிட்டானா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமும் வளர்ந்தது.

அந்த எண்ணம் தவறு என்பதற்கு வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர் சாலி கிரந்தம் மெக்கிரகரும் அவருடைய சகாக்களும் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகள். ஒரு பிரிவுக்குக் கூடுதல் சத்துணவு, ஒன்றுக்கு விளையாட்டு, ஒன்றுக்கு இரண்டும், கடைசிப் பிரிவுக்கு இரண்டும் இல்லை. விளையாட்டு என்றால், வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போய், வீட்டுப் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் குழந்தையையும் ஒரு மணி நேரம் விளையாட வைத்துப் பேசவைப்பது. இரண்டு ஆண்டு இது நடந்தது. இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படி நீடித்த பலன் தென்படவில்லை. ‘அது தாயோடு வீட்டில் நடந்தது, காப்பகத்துக்கு எப்படிப் பொருந்தும்’ என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். அந்தப் பலனைத் தந்தது பொம்மையின் விலை இல்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. பொம்மை கையில் இருக்கும்போது எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசியதுதான் வேலை செய்தது. காப்பகத்தில் அந்தப் பெரியவரின் இடத்தில் டீச்சரும் ஆயாவும் இருக்கிறார்கள். இதனால் சோற்றைக் குறைக்கலாம் என்று யாரும் வாதாடிவிடக் கூடாது. பசித்த குழந்தை விளையாடாது. ஆனால் வயிறு நிறைந்த குழந்தையைச் சும்மா உட்காரவைப்பதும் ஒரு வகைப் பட்டினிதான்.

தொழிலாளர் குழந்தைகளுக்கு இது பொருந்துமா, வசதி படைத்த நகரத்துப் பள்ளிகளின் ஆடம்பரம் இல்லையா என்று தயங்குகிறவர்கள் கையால் தொட்டுக் கற்கும் கல்விமுறை ஒன்று பிறந்த இடத்தை நினைவுகூர வேண்டும். 1907 ஜனவரி 6இல் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோவில், ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனியே விடப்பட்ட பிள்ளைகள் படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்பதால் கட்டட நிறுவனம் அவரை அழைத்தது. இன்றைய ஓசூர் வரிசை வீடுகளின் நிலைமையிலிருந்து அது தொலைவில் இல்லை. சொரசொரப்பான தாள், வழுவழுப்பான பலகை, பொத்தான் மாட்டும் துணிச்சட்டம், தண்ணீர் ஊற்றும் குவளை என்று அவர் வகுத்த பாடம் எல்லாம் கையில் தொடங்கியது. அந்த மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பா திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கி அங்கும் கற்பித்தார். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை நம் ஊரில் கட்டணம் கூடிய பள்ளிகளின் பெயர்ப்பலகையாக மட்டும் நின்றுபோனது நம் இழப்பு. அதை அதன் பிறப்பிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரக் கேட்பது புதுமை ஆகாது.

இதற்கு என்ன வேண்டும் என்பதை ஒரு தட்டு கேழ்வரகு மாவில் பார்த்துவிடலாம். கேழ்வரகில் கோதுமையைப் போன்ற பசைத்தன்மை கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டால் உதிரும். கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கிளறி ஆறவைத்தால் திரண்டு நிற்கும். களி கிண்டும் எந்த வீட்டிலும் இது தெரியும். அப்படித் திரண்ட, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் உருண்டையை ஒன்றரை வயதுக் குழந்தையின் முன் வைத்தால் அது முதலில் விரலால் குத்தும். குழி விழும். குழியைப் பார்க்கும், தன் விரலைப் பார்க்கும், மறுபடி குத்தும். தான் செய்ததால் ஒன்று மாறுகிறது என்ற அறிவு அந்த இரண்டாவது குத்தில் இருக்கிறது. பிறகு பிய்க்கும், விளிம்பு வெடிப்பதைக் காணும், வாயில் போடும். போட்டால் என்ன, வெந்த மாவுதானே. கடையில் விற்கும் வண்ண மாவைப் போல நீண்ட நாள் கெடாதிருக்க உப்பைக் கொட்டக் கூடாது என்பது மட்டும் முக்கியம். சிறு குழந்தையின் உடல் அவ்வளவு உப்பைத் தாங்காது. இரண்டரை வயதுக் குழந்தை அதே மாவை உருட்டி, தட்டி, ‘ரொட்டி’ என்று நீட்டும். மூன்றரை வயதில் அது பஸ் ஆகும், உள்ளே ஆள் உட்காருவார். அதே மாவுதான்; வயதுக்கேற்ப வேலை தானாக வளர்கிறது. அவரைக்காய்க் காலத்தில் ஊறவைத்த கொட்டையை விரலிடுக்கில் அழுத்தித் தோலைப் பிதுக்கும் வேலையும் அப்படித்தான். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விரல் பயிற்சி எந்தப் பெட்டியிலும் வராது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே அந்தக் கொட்டை ஆபத்து.

இந்த எல்லைப் பகுதிக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா, வங்காளம் ஆகியவை அவற்றோடு சேர்ந்துவிட்டன. ஒரே பால்வாடியில் நான்கு மொழிக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்போது பாட்டும் கதையும் முதல் நாளிலேயே எல்லோருக்கும் எட்டாது. ஒரு குண்டான் தண்ணீரும் நான்கு டம்ளரும் முதல் நாளிலேயே எட்டும். ஊற்றத் தெரிய எந்த மொழியும் வேண்டாம். ஊற்றும்போது மொழி வந்து சேரும். தமிழ் தொடுவுணர்வுக்கென்று வைத்திருக்கும் இரட்டைச் சொற்களை எண்ணிப் பாருங்கள்: வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இவற்றைப் போல இரட்டித்து வரும் சொற்கள் ஏராளம். கொழகொழ என்பதைச் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி யாராலும் கற்பிக்க முடியாது. கையில் ஒட்டிய களியைப் பார்த்து ஆயா ஒரு முறை சொன்னால் போதும், பொருள் சருமத்தில் பதிந்துவிடும். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்குத் தமிழ்ச் சொல்லும் தமிழ்க் குழந்தைக்குத் தெலுங்குச் சொல்லும் ஒரே தட்டிலிருந்து கிடைக்கும். எழுத்தறிவுக்கு முன்னால் வரவேண்டிய சொல்லறிவு இதுதான்.

சாலையோரம் கிடைக்கும் எல்லாவற்றையும் குழந்தை கையில் கொடுத்துவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்த மாவட்டத்தின் வளங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். மாம்பழம் தின்றபின் கழுவிக் காயவைத்த மாங்கொட்டை நல்லது. பெரியது, தொண்டையில் போகாது, நார் உரசும். புதிதாகப் பறித்த மாங்காய்க் காம்பின் பால் தோலைப் புண்ணாக்கும்; அது கூடாது. கிருஷ்ணகிரிப் புளி பேர்போனது. ஆனால் புளியங்கொட்டை மூன்று வயதுக்குட்பட்டவரின் மூக்குக்கும் மூச்சுக்குழாய்க்கும் எமன். ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எதையும் அந்த வயதில் தரக்கூடாது என்ற எளிய அளவை ஒவ்வொரு காப்பகத்திலும் ஒரு குழாய்த் துண்டாகவே மாட்டி வைக்கலாம். ஓசூர் ரோஜா கண்ணைப் பறிக்கும். ஆனால் பசுமைக்குடிலில் மருந்தடித்து வளர்ந்த விற்பனைப் பூவை வாயில் வைக்கும் குழந்தையிடம் தரக்கூடாது. வேலியோரச் செம்பருத்தி போதும். கல்குவாரிகளின் பக்கம் மலிவாகக் கிடைக்கும் எம்-சாண்ட், நுண்ணிய கல்தூசி கலந்தது, கூர்மையானது. விளையாட்டுக்குச் சலித்துக் கழுவிய ஆற்று மணல்தான் வேண்டும், இரவில் பூனை வராமல் மூடி வைக்கவும் வேண்டும். தொழிற்சாலை தருவதில் அட்டைப்பெட்டி பொக்கிஷம்: வீடாகும், குகையாகும், கிறுக்கும் சுவராகும், கடைசியில் கிழித்துப் பசையில் ஊறவைக்கும் கூழாகும். ஆனால் நுரைத்துண்டு, கம்பி உறை, உலோகச் சீவல் ஆகியவை வாசலைத் தாண்டக் கூடாது. தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் தவழும் குழந்தைக்கு ஆபத்து, தேங்கினால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். அழுக்கும் ஆபத்தும் உண்டே என்று மறுப்பவர்களுக்கு என் பதில் இந்தப் பட்டியல்தான். ஆபத்துகளுக்கு எண்ணிக்கை உண்டு, அளவு உண்டு, தடுக்க வழி உண்டு. ஒன்றையும் தொடாமல் வளர்வதன் கேட்டுக்குத்தான் அளவுகோல் இல்லை.

இரண்டு மறுப்புகளை மரியாதையோடு கேட்க வேண்டும். ஒன்று, உணவில் விளையாடக் கூடாது என்பது. பஞ்சத்தைக் கண்ட மண்ணில் தாத்தா பாட்டிகள் சொல்லித்தந்த ஒழுக்கம் அது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. அதனால்தான் உருட்டிய மாவைத் தூக்கி எறியாமல், பெரிய பிள்ளைகள் கைகழுவித் தட்டியதை அடுப்பில் போட்டு ரொட்டியாக்க வேண்டும். சமையலில் பங்கெடுப்பது உணவை அவமதிப்பது ஆகாது. அதற்கும் மனம் ஒப்பாதவர்களுக்குக் களிமண் இருக்கிறது, மணல் இருக்கிறது, இலை இருக்கிறது. இரண்டாவது மறுப்பு பெற்றோருடையது. வாடகை போக மிஞ்சுவதில் கட்டணம் கட்டும் தாய், குழந்தை ‘ஏ பி சி டி’ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவர் கேட்பது எழுத்தை மட்டும் இல்லை, தன்னைவிட மேலான ஒரு வாழ்க்கையை. அவருக்குச் சொல்ல வேண்டியது இது: பென்சிலைப் பிடிக்கும் பிடி, பொரி எடுத்த, மாவு பிய்த்த, துணி பிழிந்த விரல்களில்தான் உருவாகிறது. அந்த வலு வருமுன் கோட்டுக்குள் எழுதச் சொன்னால் குழந்தைக்கு எழுத்தின்மேல் முதலில் வருவது வெறுப்பு. மத்திய அரசு 2024இல் வெளியிட்ட ‘நவசேதனா’ வழிகாட்டியும், பிறப்பு முதல் மூன்று வயது வரை பேச்சையும் விளையாட்டையும் தொடுதலையும் பாடமாக வைக்கிறது.

எல்லாம் சரி, யார் செய்வது என்பதுதான் கனமான மறுப்பு. பால்வாடி எனப்படும் அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை பார்க்க, பதிவேடு எழுத, கைபேசிச் செயலியில் ஏற்ற, கர்ப்பிணிகளைப் பார்க்க, தடுப்பூசிக்கு அழைக்க, சமையலைக் கவனிக்க என்று அவருடைய நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதன்மேல் மாவுத் தட்டையும் வைப்பது அநியாயம். இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இங்குள்ள 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று ஓர் அரைநாள் பணியாளரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். குழந்தைகளோடு செலவிட்ட கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வழக்கமான பணியாளருக்கு ஊட்டச்சத்தைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. அவர்கள் அளந்தது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறை பணியாளரின் மனத்தில் இல்லை, கைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பதை அந்தச் சோதனை நிறுவிவிட்டது. இன்னும் சிறிய குழந்தைகளுக்கு அந்தக் கைகள் இன்னும் அதிகம் தேவை.

ஓசூரைத் தாண்டினால் ஜூஜூவாடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எல்லையில் லாரிகள் வரிசையில் நிற்க, கம்பெனி பஸ்கள் இரு மாநில ஊர்களுக்கும் பிரிந்து போகும் இடத்தில் கடைசி மறுப்பும் கண்ணெதிரே தெரிகிறது: இவ்வளவு தூரம் பஸ்ஸில் வரும் தாய், தூங்கும் குழந்தையைத் தொழிற்சாலைக் காப்பகத்துக்குத் தூக்கி வருவாரா? பலர் வரமாட்டார்கள். அதனால் காப்பகமே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு, ஏனென்றால் 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பே காப்பகம் தனியாகவோ பொது வசதியோடு சேர்ந்தோ, வகுக்கப்பட்ட தூரத்துக்குள் அமையலாம் என்கிறது. அந்த ஒரு வரியைப் பயன்படுத்தி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, பஸ் கிளம்பும் ஊர்களின் அங்கன்வாடிக்குக் கூடுதல் பணியாளரின் சம்பளத்தையும், மாலை ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்கும் செலவையும் ஏற்க முடியும். அரசு பயிற்சியையும் கண்காணிப்பையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். மீதிக்குத் தேவையான மணலும் மாவும் அட்டையும் தண்ணீரும் இந்தச் சாலையில் ஏற்கெனவே இருக்கின்றன. அது நடந்தால் பொழுது சாயும் வேளையில் பால்வாடி வாசலில் நடக்கும் பேச்சு மாறும். அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே வரும் தாய் வழக்கம்போல இரண்டு கேள்வி கேட்பார். டீச்சர் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, கேட்காமலே மூன்றாவதையும் சொல்வார்: “இன்னிக்கு ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளருக்குச் சிந்தாம ஊத்திட்டான்மா.” மறுநாள் அந்தத் தாயே அதைக் கேட்பார். ஒரு முறை பதில் கிடைத்த கேள்வியை எந்தத் தாயும் கேட்காமல் விடமாட்டார்.